தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர்

மோந்தெச்செர்வோ நகரசபை மாளிகை
என்னிடம் புள்ளிகளாகத்தான் வந்து சேர்ந்தது.
நாற்பத்தொரு கோடிப் புள்ளி.
பானஸ்வாடியில், பேக்கரிக்கு மேல் மாடியில்,
இரவு ஷிஃப்டில்
அவற்றைச் சுவராக்குவது என் வேலை.

இத்தாலி போனதில்லை.
ஆனால் அந்த மாடிப்படியில் இருபத்தேழாவது கல்
இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது தெரியும்.
எழுநூறு வருடமாய் எல்லாரும்
சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறியிருக்கிறார்கள்.

வரலாற்றை அடுக்கடுக்காய்ப் பிரித்து
நிறம் கொடுத்திருக்கிறோம்.
செங்காவி: முதல் கட்டடம், 1288.
பச்சை: தீப்பிடித்த பிறகு கட்டியது.
வரிக்கணக்கு மட்டும் முழுசாய் எரிந்துபோச்சாம்.
"நம்ம ஆபீஸ் மாதிரியே" என்றான் கிரிராஜ்.
ஊதா: ஒரு பிரபு மேல்தளம் எழுப்பித்
தன் சிங்கத்தைப் பதித்தது.
சாம்பல்: பின்னால் வந்த படை
அந்தச் சிங்கத்தைக் கொத்தியெடுத்த பள்ளம்.
பள்ளத்தையும் அளந்து போட வேண்டும்,
ஆழம் நாலு சென்டிமீட்டர்.
மஞ்சள்: கோபுரத்தின் மேல்பாதி,
1944-க்குப் பிறகு.
மஞ்சளை அணைத்தால் கோபுரம் மொட்டையாகும்.
தூக்கம் சொக்கும்போது
அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பேன்.

வாசல் தூணில் ஓர் இரும்புக் கோல்.
துணிக்கடைக்காரன்மேல் சந்தேகம் வந்தால்
இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம்.
நிலமளந்த கோலைக்
கோயில் அடித்தளக் கல்லில் கீறிவைத்தவர்கள்
இதைக் கண்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

நீதிபதி எப்போதும் வெளியூர்க்காரன்.
ஆறே மாதம்.
உள்ளூரில் ஒரு வீட்டிலும்
கை நனைக்கக் கூடாது.
இதைப் படித்த அன்று,
மூன்று தலைமுறையாய் லிங்கராஜபுரத்தில் இருந்தும்
"நிம்தூ யாவூரு?" என்று கேட்கப்படுகிற நான்
கொஞ்ச நேரம் மவுஸைத் தொடவில்லை.

பிப்ரவரியில் கணக்கு இடித்தது.
சபை மண்டபத்துக்கும் எழுத்தர் அறைக்கும் நடுவே
வெளியளவு சொல்வதை உள்ளளவு சொல்லவில்லை.
தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர்
சுவருக்குள் ஒளிந்திருந்தது.
ஓர் ஆள் நிற்கலாம். கால் மடக்கிக் குந்தலாம்.

ஃபுல்வியாவுக்கு எழுதினேன்.
இடித்துப் பார்க்கப் பணமில்லை,
புள்ளிக்கோடாய்ப் போட்டுவிடு என்றாள்.
மென்பொருள் விடவில்லை.
நாலு பக்கமும் மூடினால் அது அறை,
அறை என்றால் பெயர் வேண்டும்.
கட்டம் சிவப்பாகவே நின்றது.
மணி நாலேகால்.
அமலோற்பவம் என்று அடித்தேன்.
பச்சையானது.

அம்மா பெயர்.
வேலை நிரந்தரம் கேட்டு
இங்கே டவுன்ஹால் படிக்கட்டில்
பதினொரு நாள் உட்கார்ந்தவள்.
தூணில் சாய்த்த தட்டி, மடியில் புளியோதரைப் பொட்டலம்.
ஒரு நாள் உள்ளே யாருக்கோ அரங்கேற்றம்.
பட்டுப்புடவைகள் ஏற வழிவிட்டு
ஓரமாய் நகர்ந்துகொண்டாளாம்.
ஜதி கேட்டதாம், நன்றாயிருந்ததாம்.
உள்ளே போனதில்லை.

மாற்றச் சொல்லி யாரும் எழுதவில்லை.
ஏப்ரலில் திரும்பி வந்த வரைபடத்தில்
மேயரின் கையெழுத்து, நகர முத்திரை,
அறை 1.14, அமலோற்பவம்.

விடிகாலையில் அவளிடம் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.
"ஜன்னல் எங்கடீ?"
இல்லை.
"கதவு?"
அதுவும் இல்லை.
"அப்போ யாரு பெருக்குறா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
அஞ்சரைக்கு வருகைப் பதிவு,
எந்திரத்தில் விரல் வைக்க வேண்டும்.
ரேகை தேய்ந்த விரல்,
மூன்றாவது தடவைதான் எடுக்கும்.